செவ்வாய்க்கிழமைகளில் குளித்த ஓவன்

அந்த ஓவனை யாரோ குளிப்பாட்டுகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு வந்தபோது, நான் திருத்தணி ஸ்டேஷனிலிருந்து கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை. வழியில் ஒரு வீட்டில் வாசற்படியைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வெயில் ஏறிவிட்டதால் தண்ணீர் காய்ந்து, படியின் ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு கோடு நின்றிருந்தது. மெல்லிய, வளைந்த கோடு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று நினைவு வந்ததும் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "இன்னா பாய், சாமி வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

நம் சர்வீஸ் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் வேலையைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று முதலாளி சொன்னார். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு அந்தத் தகுதி வர இன்னும் ரொம்ப வருஷம் ஆகும். டிப்ளமோ முடித்து, தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவன். உங்களுக்குச் சற்று முன்னால் சேர்ந்தவன், அவ்வளவுதான். முடிவு தெரிந்த சில அனுபவங்கள் என்னிடமும் உண்டு. அவற்றில் நான் கெட்டிக்காரனாகத் தெரிவேன். அதனால் அவற்றை விட்டுவிட்டு, இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிற ஒன்றை எழுதுகிறேன்.

வீடு மலையடிவாரத்தில். அந்த வீட்டு மருமகள் ஹேமா அக்கா. திருப்பதிப் பக்கம் பிறந்தவர், அத்தை மகனையே கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்திருந்தார். சமையலறை மேடையில் பெரிய டேபிள் ஓவன் ஒன்று. வாங்கி வெகுநாள் ஒழுங்காக ஓடிய அந்த ஓவன், திடீரென்று, சுவிட்ச் போட்டதும் வீடு முழுக்கக் கரண்டை அணைக்கத் தொடங்கியது. எப்போதும் அல்ல. சில நாள்.

போர்டில் இரண்டு விதமான காவல் சுவிட்சுகள் உண்டு. லோடு கூடினால் விழுவது ஒன்று. போன மின்சாரம் முழுதாகத் திரும்பி வராமல் எங்கேயோ கசிந்தால் விழுவது இன்னொன்று. உங்களுக்கு இது தெரியும். இதை வாங்கிப் படிக்கப்போகிற உங்கள் வீட்டாருக்காகச் சொல்கிறேன். இங்கே விழுந்தது, அதாவது டிரிப் ஆனது, இரண்டாவது, கசிவு பிரேக்கர்.

முதல் முறை புகார் வந்தது ஒரு புதன்கிழமை. நான் போனது வியாழக்கிழமை. ஓவன் சமர்த்தாக ஓடியது. ஹேமா அக்கா சோதனைக்கென்று ஒரு ஸ்பாஞ்ச் கேக் வைத்தார், அது பொங்கி வந்தது, ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம். அடுத்த வாரமும் அதே கதை. எனக்குத் துண்டு துண்டாக கேக் கிடைத்ததே தவிர, பழுது கிடைக்கவில்லை.

"பாயைப் பாத்தா அடங்கிடுது," என்றார் ஹேமா அக்கா. "உங்க ஃபோட்டோ ஒண்ணு குடுங்க தம்பி, அதும்மேல ஒட்டி வெச்சுடறேன்."

நான் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. கசிவு இருக்கிறதா என்று காட்டும் இன்சுலேஷன் மீட்டரை வைத்தால் நல்ல ரீடிங். சாக்கெட்டை மாற்றினேன். பிரேக்கரையே மாற்றினேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஹீட்டர் கம்பிகளின் முனைக்குக் கீழே மஞ்சளாக ஒரு கோடு காய்ந்திருந்தது. கேக்கில் போடும் கலராக இருக்கும், இல்லாவிட்டால் வெண்ணெய் உருகி வழிந்திருக்கும் என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டேன். அடுத்த முறை கழற்றியபோது அந்தக் கோடு மறுபடியும் இருந்தது. மறுபடியும் துடைத்தேன். எங்கள் வீட்டில் படிக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் இல்லை. ஆனால் இந்த ஊர்த் தெருக்களில் அதை மிதித்துக்கொண்டுதான் தினமும் நடக்கிறேன்.

கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் எர்த் குழியையும் பார்த்தேன். மலையடிவாரம் அல்லவா, கொஞ்சம் தோண்டினால் பாறை. குழி பேருக்கு ஒரு குழி. எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தேன். ஹேமா அக்காவின் கணவர் ஹரி ஒழுங்காக ஊற்றினார். அதற்குப் பிறகு பிரேக்கர் முன்னைவிடச் சுறுசுறுப்பாக விழுந்தது. நல்லது செய்தால் ஏன் கூடுகிறது? தலையைப் பிய்த்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், எர்த் ஈரமானதும் கசிவுக்கு நல்ல வழி கிடைத்திருக்கும். அன்றைக்கு இது தோன்றவில்லை.

முதலாளி பொறுமை இழந்தார். "ஆராய்ச்சி பண்ணிகினு இருக்காதே பாய். புது ஹீட்டரைப் போட்டு அனுப்பு." போட்டேன். அடுத்த புதன் வந்தது, பிரேக்கர் விழுந்தது.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

மறுநாள் காலை சர்ச்சில் ஒரு கல்யாணம். கேக் ஹேமா அக்கா பொறுப்பு. சொந்தக்காரர்களைத் தாண்டி வெளியே கிடைத்த முதல் ஆர்டர். மாவு கலந்து டின்களில் ஊற்றியாகிவிட்டது. கலந்த மாவு ரொம்ப நேரம் காத்திருக்காது. சுவிட்சைப் போட்டார், வீடு அணைந்தது. ஃபோன் வந்ததும் ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புதன்கிழமை அந்த ஓவன் முன்னால் நின்றேன். மீட்டரை வைத்தேன். ரீடிங் அதலபாதாளத்தில். ஓவன் கசிகிறது, சந்தேகமே இல்லை. புது ஹீட்டர், புது பிரேக்கர், புது சாக்கெட். பிறகு எங்கே? பின் தகட்டைக் கழற்றினால் உள்ளே சூட்டைத் தடுக்க வைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சு என் கைக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தது. மின்விசிறியின் கீழே நிற்பதால் குளிர்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னவெல்லாம் நினைத்துக்கொள்ள முடிகிறது பாருங்கள்.

அதற்குள் ஹரி ஒரு வயர்மேனை அழைத்து வந்துவிட்டார். அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கு இன்னா பாய் இவ்ளோ யோசனை? பிரேக்கரைத் தாண்டி ஒரு வயரைப் போட்டு நேரா குடுத்துட்டா முடிஞ்சுது. கேக் வெந்ததும் கழட்டிக்கலாம்."

"வேணாம்ணா," என்றேன்.

"ஏன்? எங்க லீக்குன்னு தெரிஞ்சுதா?"

"தெரியலை."

"தெரியலைன்னா தள்ளி நில்லு. படிச்சவங்களுக்கு தெரியலைன்னு சொல்றது ஒரு ஸ்டைலாப் போச்சு."

ஹரி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒரு நாளைக்குத்தான் பாய். இது முடிஞ்சதும் இந்த சனியனை வித்துடப் போறேன். நைனாவும் அதான் சொல்லிகினு இருக்காரு."

அவருடைய அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் நெஞ்சுவலி வந்து பிழைத்தவர். ஓவனுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'முட்டைப் பெட்டி'. அங்கிருந்தபடியே, "விக்கறதுக்கு ஏன்டா நாளைக்கு வரைக்கும்?" என்றார்.

ஹேமா அக்கா என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, கொஞ்ச நேரம்தான். நான் ரப்பர் செருப்பு போட்டுகினு நிக்கறேன். கதவைக் கட்டையால தொறக்கறேன். இது நின்னுச்சுன்னா அப்புறம் எனக்கு யாரும் ஆர்டர் குடுக்க மாட்டாங்க. வீட்டுலயும் வுடமாட்டாங்க."

எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். அந்த இரும்புப் பெட்டியிலிருந்து மின்சாரம் கசிகிறது. பாறைமேல் இருக்கும் அந்த எர்த்தை நம்ப முடியாது. ஆகவே அந்தச் சமையலறையில் நிற்கிறவருக்கும் ஓவனுக்கும் நடுவில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே பொருள் அந்த பிரேக்கர்தான்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஓவன் வயரின் முனையிலிருந்த பிளக்கைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "காரணம் தெரியலைங்க. தெரியாததாலதான் வேணாம்ன்றேன். தெரிஞ்சிருந்தா ஏதாவது வழி சொல்லியிருப்பேன்," என்றேன். வயர்மேன், "பிளக்கை பாக்கெட்ல போட்டுகினு போற ரிப்பேர்காரரை இப்பதான் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே பீடி பற்றவைக்கப் போனார்.

தம்பிகளே, காரணம் தெரியாதபோது மறுக்க நமக்கு உரிமை இல்லை என்ற ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. கல்லூரியில் பதில் தெரியாவிட்டால் உட்காரச் சொல்வார்கள், அந்தப் பழக்கம். இந்த வேலையில் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே நின்ற இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். அது அழகாக இருக்காது. எனக்கு அன்றைக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

மறுத்தால் மட்டும் கேக் வெந்துவிடாது. பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகையில் ஒரு சின்ன பேக்கரி. அவர்கள் மாவு மிக்சரை நான் ஒரு முறை சரி செய்திருக்கிறேன். ஃபோன் போட்டேன். ரஸ்க் இறக்கியதும் அடுப்பு காலி, வா என்றார்கள். ஆட்டோவில் ஹேமா அக்கா மடியில் இரண்டு டின், என் மடியில் ஒன்று, அவருடைய மாமியார் சரோஜாம்மா மடியில் ஒன்று. வேகத்தடை வரும்போதெல்லாம் மூன்று பேரும் சேர்ந்து மூச்சைப் பிடித்தோம். வழியில் சரோஜாம்மா கேட்டார்: "ஏம்பா, தண்ணி பட்டா அது கெட்டுப் போவுமா?"

கேக் மாவைக் கேட்கிறார் என்று நினைத்து, "மூடி வெச்சிருக்கோமேம்மா," என்றேன். அவர் வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார். என் கவனம் முழுக்க அடுத்த வேகத்தடையில் இருந்தது.

கேக் ஒரு பக்கம் கறுத்து வந்தது. ஹேமா அக்கா ஓரத்தை வெட்டி, க்ரீமால் மூடி, கல்யாணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். யாரும் குறை சொல்லவில்லை. ஹரி ஓவனை விற்கவும் இல்லை, வைத்திருக்கலாம் என்று சொல்லவும் இல்லை. பிளக் என் பாக்கெட்டிலேயே இருந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் மேலே சொன்ன வாசற்படி. அங்கிருந்து கடைக்குப் போகவில்லை. நேராக அந்த வீட்டுக்கு நடந்தேன். நடக்கும்போதே கூடத்தில் நின்று எப்படி அறிவிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். 'தண்ணீர்' என்ற ஒரே சொல்லில் ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். அந்த வயர்மேனும் அங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

சரோஜாம்மா பின்கட்டில் குழாயடியில் இருந்தார். ஓவனின் கம்பித் தட்டுகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, சொட்டச் சொட்ட.

"அம்மா, ஓவனைக் கழுவுவீங்களா?"

குழாயை மூடினார். "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. உள்ள மஞ்சள் கோடு இருந்துச்சு."

"ஆங். கழுவுவேன். செவ்வாக்கெழம, அப்புறம் கிருத்திகை, அன்னிக்கு அவ கேக்கு வெக்க மாட்டா. முட்டை பொழங்கற பொருளு, கழுவாம எப்படி?"

"எவ்ளோ தண்ணிம்மா?"

"ஒரு கொடம், மஞ்சள் கலந்து."

நான் ஈரத் துணி என்று நினைத்திருந்தேன். "உள்ளேயா?"

"முட்டை உள்ளதானே வெக்கறாங்க?"

"துணியால தொடச்சா போதாதாம்மா?" என்று கேட்டேன்.

"தொடச்சா அழுக்கு போவும். நான் அழுக்குக்கா கழுவறேன்?" கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த மனுஷன் நெஞ்சப் புடிச்சிகினு வுழுந்தப்போ நான் மலையப் பாத்து வேண்டிகினேன். செவ்வாயும் கிருத்திகையும் முட்டை பட்ட ஏனம் எதுவும் கழுவாம வீட்டுல இருக்காதுன்னு. அவரு அந்தப் பெட்டிய வெளிய தூக்கிப் போடுன்னாரு. நான்தான், வேணாம், மருமவ எழுந்திருக்கறதுக்குள்ள நான் கழுவி வெச்சுடறேன்னு சொல்லி உள்ள வெச்சிருக்கேன். கழுவக் கூடாதுன்னு நீ இப்போ கூடத்துல போய் சொன்னேன்னு வெச்சுக்கோ, சாயங்காலம் அந்தப் பெட்டி தெருவுல இருக்கும்."

ஒத்திகை பார்த்த அறிவிப்பைக் கைவிட்டேன். பழுதுக்குக் காரணம் தண்ணீர். ஓவன் அந்த வீட்டில் இருப்பதற்குக் காரணமும் அதே தண்ணீர். நான் என்ன ரிப்பேர் செய்ய வேண்டும்?

"அன்னிக்கு ஆட்டோல கேட்டேனே," என்றார். "நீ கேக்குக்கு பதில் சொன்னே. சரி, அப்ப ஓவனுக்கு ஒண்ணும் ஆவாது போலன்னு வுட்டுட்டேன்."

பின்னால் ஒரு குரல். "கொடம் தண்ணியா அத்தை?" ஹேமா அக்கா கையில் பாத்திரத்தோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. "நான் தூங்கிகினு இருக்கறப்போ எனக்கும் சேத்து தெளிச்சிருப்பீங்களே."

"உன்மேல தெளிச்சா நீ டிரிப் ஆயிடுவ," என்றார் சரோஜாம்மா.

ஹேமா அக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கம்பித் தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சரோஜாம்மாதான் ஆரம்பித்தார். "நான் வேண்டிகினது முட்டை பட்டதக் கழுவறேன்னுதான். ஓவன்மேல முட்டை படாமயே செய்ய முடியுமா?"

"பொங்கி வழியும் அத்தை. சொட்டும்."

"அது சொட்டறதுக்கு உள்ளயே ஒரு பெட்டி வெச்சா? சொட்டறது எல்லாம் அதுலயே சொட்டட்டும். நான் பெட்டிய வெளிய எடுத்து கொடம் கொடமா ஊத்திக்கறேன்."

எனக்கு உடனே பரபரப்பு தொற்றிக்கொண்டது. ஈரத் தரையில் விரலால் வரைய ஆரம்பித்துவிட்டேன். அலுமினியத் தகடு, ஓரம் மடித்து, ஓவனுக்குள் மேசை டிராயர் மாதிரி தள்ளி இழுக்கலாம்.

"பெட்டிக்குள்ள பெட்டி வெச்சா இட்லிதான் வரும்," என்றார் ஹேமா அக்கா.

அவர் சொன்னதுதான் நடந்தது. ஓவனை முதலில் மொட்டை மாடி வெயிலில் தகட்டைக் கழற்றிக் காயவைத்தேன். மீட்டர் நல்ல ரீடிங் காட்டிய பிறகுதான் பிளக்கைத் திரும்ப மாட்டினேன். பெட்டி தயாராகும்வரை கேக் வேலை வேண்டாம், பெட்டியைச் சோதிக்க மட்டும் முட்டை இல்லாத மாவு என்று அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொண்டார்கள். அரக்கோணத்தில் தகரக் கடையில் செய்த முதல் பெட்டியில் கேக் வெள்ளை வெளேரென்று வந்தது. சரோஜாம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "சட்னி அரைக்கட்டுமா?" என்றார். இரண்டாவது பெட்டிக்கு மேல்மூடி இல்லை. மேலே சிவந்தது, அடி வேகவில்லை. ஆனால் பிரேக்கர் விழவில்லை. புதன்கிழமைகளில்கூட விழவில்லை. தண்ணீர்தான் என்று கடையில் முதலாளியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது.

யாரும் கழுவவில்லை. சரோஜாம்மா மலையைக் காட்டிச் சொன்னார், நான் நம்புகிறேன். முந்தின நாள் மழை. எர்த் குழி நனைந்து, பஞ்சில் மிச்சம் இருந்த ஈரத்துக்கு வழி கிடைத்திருக்கலாம். சுவரில் ஈரம் ஏறியிருக்கலாம். ஓவனுக்குச் சம்பந்தமே இல்லாமல் மோட்டாராக இருக்கலாம். போய்ப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ஒரு துண்டு கேக் கிடைத்தது. "தண்ணின்னு சொன்னியே," என்று முதலாளி கேட்டார். ஆமாம், சொன்னேன். இப்போதும் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். எந்தத் தண்ணீர் என்றுதான் தெரியவில்லை.

இதற்கு நடுவில் சரோஜாம்மா, "பாய் புதுசா ஒரு முறை சொல்லியிருக்காரு" என்று தன் கணவரிடம் சொல்லிவிட்டார். பெட்டி யோசனை அவருடையது; பெயர் எனக்கு. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தக் கிருத்திகைக்கு நானே நின்னு பாக்கறேன். மறுநாள் கரண்ட் போச்சுன்னா பெட்டியும் வேணாம், பாயும் வேணாம், அதைத் தூக்கிடணும்," என்றாராம். ஹேமா அக்கா இதை ஃபோனில் சொன்னபோது அவர் குரலில் இருந்தது பயமா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு மூன்று வீட்டில் கேக் சொல்லியிருக்கிறார்கள் என்றும் அதே மூச்சில் சொன்னார்.

இதை ரயிலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பெட்டி செய்தித்தாளில் சுற்றி என் மடியில் இருக்கிறது. அடித் தகடு இன்னும் மெல்லியது, பக்கங்கள் பாதி உயரம். இன்றைக்கு ஹேமா அக்கா இதில் முட்டை போட்டு ஒரு கேக் வைப்பார். நாளை கிருத்திகை, விடியும் முன்னால் சரோஜாம்மா ஒரு குடம் தண்ணீரைப் பெட்டியின் மேல் ஊற்றுவார், பெரியவர் பார்த்துக்கொண்டு நிற்பார். ஓவன் பக்கம் ஒரு சொட்டுப் போகாது. மறுநாள் ஹேமா அக்கா சுவிட்சைப் போடுவார். நான் போட்டால் செல்லாதாம். நான் பக்கத்தில் நின்றாலே அது அடங்கிவிடும் என்று பெரியவரும் நம்புகிறாராம். அதனால் எனக்கு வாசற்படியில்தான் இடம். கழுவிக் காய்ந்த படியில் உட்கார்ந்திருப்பேன். கூடத்து ஃபேன் சத்தம் நிற்கிறதா என்று அங்கிருந்தே கேட்கும்.